அச்சத்தின் நிலைக்களன்கள்: ஊமைப்பட நடிகர் கொன்றாட் வைட்டின் கலையும் காலமும்

1. முன்னுரை

அச்சம் என்னும் மெய்ப்பாடு எவ்வெவற்றால் தோன்றும் என்ற வினாவுக்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளார். பேயும் தெய்வமும் முதலாய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தமக்கு இறைவராயினார் என்பன அவை. முதல் மூன்றும் உலகின் எந்தக் கதைமரபிலும் எளிதிற் காணக் கிடைப்பன. நம் சிந்தனைக்குரியது நான்காவது. இறைவர் என்பது ஈண்டு கடவுளைச் சுட்டுவதன்று. அரசர் முதலாக ஒருவர்மீது அதிகாரம் செலுத்துவோரைச் சுட்டுவது. இதனைப் பணிவின்பாற்பட்ட அச்சமெனப் பொருள்கொள்ளவும் இடமுண்டு. எனினும், தன்னைக் காக்கக் கடமைப்பட்டவனே தன்னை அச்சுறுத்துபவனாகவும் அமையக்கூடும் என்ற சமூக அனுபவம், பேயோடும் புலியோடும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டிருப்பது மனங்கொள்ளத்தக்கது. அரசு என்னும் நிறுவனம் உருவாகி நிலைபெற்ற சமுதாயம் ஒன்றிலேயே இத்தகைய பாகுபாடு தோன்ற முடியும்.

உள்ளத்து நிகழ்வது உடம்பின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு. சொல்லின் துணையின்றி உடம்பாலேயே அனைத்தையும் உணர்த்தவேண்டிய கட்டாயத்துக்கு உட்பட்ட நவீன கலையொன்று உண்டெனில் அது ஊமைப்படமேயாகும். 1895 முதல் 1920களின் இறுதி வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் நடிகரின் கண்ணையும் கையையும் முதுகின் வளைவையும் பார்த்தே கதையை அறிந்துகொண்டனர். அக்கலையில் அச்சத்தை ஊட்டுவதற்கெனவே பெயர்பெற்ற நடிகர் சிலர் தோன்றினர். அமெரிக்காவின் லொன் சேனி (1883–1930), 1922இல் வெளிவந்த 'நொஸ்ஃபெராட்டு' படத்தில் குருதி குடிக்கும் பிரபுவாக நடித்த ஜேர்மனியர் மக்ஸ் ஷ்ரெக், அவர் நாட்டவரேயான கொன்றாட் வைட் (1893–1943) ஆகியோர் அவர்களுள் முதன்மையானோர்.

தமிழ்ச் சூழலில் இவர்க்கு நிகரான ஊமைப்பட நடிகரைக் காண்பதரிது. தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமெனக் கொள்ளப்படும் நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' தொடங்கி, அங்கு எழுந்த படங்கள் பெரும்பாலும் புராண இதிகாசக் கதைகளையே தழுவின. அவற்றில் வரும் அரக்கன் பார்ப்போர் முன்னரே அறிந்தவன். அவன் வீழ்வான் என்பதும் அவர்கள் அறிந்ததே. அத்தகைய உறுதி தகர்ந்த இடத்திலேயே அச்சப்படம் என்ற தனிவகை பிறக்கின்றது. முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனி அவ்வாறு உறுதி தகர்ந்த நாடு.

மேற்கூறிய மூவருள் வைட்டை நாம் தெரிவு செய்தமைக்குக் காரணம் உண்டு. அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசைப்படுத்தி நோக்கின், தொல்காப்பியர் கூறிய நான்கு நிலைக்களன்களும் அவற்றில் இடம்பெறுவதையும், ஏனைய மூன்றின் பின்னாலும் நான்காவது நிலைக்களனே மறைந்து நிற்பதையும் காணலாம். அவர்தம் வாழ்க்கையும் இறுதியில் அந்த நான்காவது அச்சத்தை நேர்நின்று எதிர்கொண்டது. இத்தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. போர்முனையிலிருந்து அரங்குக்கு

கொன்றாட் வைட் 1893 ஜனவரி 22ஆந் திகதி பெர்லின் நகரில் நடுத்தர வர்க்கக் குடும்பமொன்றிற் பிறந்தார். போருக்கு முந்திய ஆண்டுகளில், ஐரோப்பிய நவீன நாடக இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான மக்ஸ் றைன்ஹார்ட்டின் 'டொய்ச்சஸ் தியேட்டர்' அரங்கிற் பயிற்சி பெற்றார். ஒளியையும் நிழலையும் நாடகப் பொருளாகவே கையாண்டவர் றைன்ஹார்ட். பெருங்கூட்டத்தின் நடுவே ஒரு தனிமனித முகத்தை மட்டும் ஒளியால் பிரித்தெடுத்துக் காட்டும் அவருடைய உத்தி, பின்னர் ஜேர்மன் சினிமாவின் இலக்கணமாயிற்று.

போர் மூண்டதும் வைட் படையிற் சேர்க்கப்பட்டார். 1915இல் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட அவர் அங்கு மஞ்சட்காமாலையும் நுரையீரல் அழற்சியும் கண்டு, பால்டிக் கடலோர மருத்துவமனையொன்றிற் சேர்க்கப்பட்டார். உடல் நலிந்த நிலையிலேயே படையினர்க்கான நாடக அரங்கில் நடிக்க அனுமதிக்கப்பட்டு, 1917இல் சேவைக்குத் தகுதியற்றவரென விடுவிக்கப்பட்டுப் பெர்லின் திரும்பினார். ஜேர்மனி அப்போரில் ஏறத்தாழ 20 இலட்சம் வீரரை இழந்தது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து கொல்லவும் சாகவும் பழக்கப்பட்ட ஒரு தலைமுறையின் நடுவே அவர் வாழ்ந்தார் என்பது அவருடைய நடிப்பை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாத செய்தி.

அவர் நுழைந்த சினிமாத் தொழிலின் பொருளாதார அடித்தளத்தையும் ஈண்டு நோக்கல் வேண்டும். 1916இல் ஜேர்மனி வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. போட்டியற்ற உள்நாட்டுச் சந்தை இதனாற் கிடைத்தது. 1917 டிசெம்பரில், தளபதி லூடென்டோர்ஃபின் தூண்டுதலோடும் பெரும் வங்கிகளின் மூலதனத்தோடும் 'ஊஃபா' என்னும் மாபெரும் படநிறுவனம் அமைக்கப்பட்டது. போர்ப் பிரசாரத்துக்கெனத் திட்டமிடப்பட்ட நிறுவனம், போர் தோற்றபின் வாணிபத்துக்குரியதாயிற்று. படைத்துறையும் நிதிமூலதனமும் கைகோத்துப் பெற்ற தொழிலொன்றிலிருந்துதான் போரையும் அதிகாரத்தையும் ஐயுறும் படங்களும் வெளிவந்தன. மேற்கட்டுமானம் அடித்தளத்தின் வெறும் நிழலாக அமைவதில்லை, அதனோடு முரண்பட்டும் இயங்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

1919இல் வைட் இரு முக்கிய படங்களில் நடித்தார். இரண்டையும் நெறிப்படுத்தியவர் றிச்சார்ட் ஒஸ்வால்ட். பேய்க்கதைகள் ஐந்தின் தொகுப்பு ஒன்று. ஒருபாலுறவைக் குற்றமாக்கிய ஜேர்மன் குற்றவியற் சட்டத்தின் 175ஆம் பிரிவை எதிர்த்து எழுந்த 'ஏனையோரின் வேறானவர்' மற்றையது. அதில் வரும் வயலின் கலைஞன், சட்டத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் ஒருவனாலும் அச்சட்டத்தின் தீர்ப்பாலும் நசுக்கப்பட்டுத் தற்கொலை செய்துகொள்கின்றான். அச்சட்டப் பிரிவு இல்லையெனில் பணம் பறிப்பவனுக்குத் தொழிலே இல்லை. கள்வரால் வரும் அச்சமும் இறைவரால் வரும் அச்சமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அப்படம் வெளிப்படையாகவே காட்டியது. மறு ஆண்டே அது தடைசெய்யப்பட்டது.

3. கலிகாரியின் உறங்கும் ஏவலன்

1920 பெப்ரவரி 26ஆந் திகதி பெர்லினில் 'டொக்டர் கலிகாரியின் பெட்டகம்' திரையிடப்பட்டது. ஹான்ஸ் யானோவிட்ஸ், கார்ல் மாயர் ஆகிய இருவர் எழுதிய கதையை றொபேர்ட் வீனே நெறிப்படுத்தினார். வெளிப்பாட்டுவாத ஓவியர்கள் வரைந்த திரைச்சீலைகளே அதன் வீடுகளும் வீதிகளும். சுவர்கள் சாய்ந்து நிற்கும். சாளரங்கள் கோணலாய்க் கிழிந்திருக்கும். நிழல்கள்கூட வண்ணத்தால் தீட்டப்பட்டிருக்கும்.

கதை சுருக்கமானது. ஊர்ச் சந்தைக்குக் கலிகாரி என்னும் வித்தைக்காரன் வருகின்றான். அவனது பெட்டகத்துள் செசாரே என்பவன் இடையறாது உறங்குகின்றான். உறக்கத்திலேயே அவன் வருங்காலம் உரைப்பான். இரவில் கலிகாரியின் ஏவலால் வெளியே சென்று கொலை புரிவான். கலிகாரி உண்மையில் ஒரு மனநோய் மருத்துவமனையின் தலைவன் என்பது பின்னர் தெரியவருகின்றது. கலிகாரியாக வேர்னர் க்ரவுஸும் செசாரேயாக வைட்டும் நடித்தனர்.

வைட்டின் நடிப்பில் இரு கட்டங்கள் நம் கவனத்துக்குரியன. முதலாவது, பெட்டகத்தின் கதவு திறந்ததும் செசாரே கண்விழிக்கும் கட்டம். முகம் அசைவற்றிருக்க, இமைகள் மட்டும் சிறிது சிறிதாகத் துடித்துத் திறக்கின்றன. விழித்தபின்னும் அக்கண்கள் எதனையும் பார்ப்பதாகத் தோன்றவில்லை. கண் திறந்திருந்தும் உறக்கம் கலையாத ஒருவனை அங்கே காண்கின்றோம். இரண்டாவது, உறங்கும் பெண்ணைக் கொல்லச் செல்லும் கட்டம். சுவரோடு சுவராக ஊர்ந்து வந்து கத்தியை ஓங்கிய செசாரே, அவள் முகத்தைக் கண்டதும் தயங்குகின்றான். கத்தி கீழே விழுகின்றது. கட்டளையை நிறைவேற்ற இயலாதவன் அவளைத் தூக்கிக்கொண்டு கூரைகளின்மேல் ஓடி, துரத்துவோர் நெருங்கவே அவளை விட்டுவிட்டு ஓடி வீழ்ந்து இறக்கின்றான். ஏவலை மீறிய ஒரு கணமே அவன் மனிதனான கணம். அதன்பின் அவனால் உயிர்வாழ முடியவில்லை.

செசாரே பார்வைக்கு அணங்கு. செயலில் அவன் பிறிதொருவரின் கருவி. பார்ப்போர் முதலில் அவனைக் கண்டு அஞ்சுவர். படம் முடிவதற்குள் அவ்வச்சம் அவனை ஏவியவன்மீது திரும்பிவிடுகின்றது. முதல் நிலைக்களன் நான்காவதாக மாறும் இந்த இயக்கமே அப்படத்தின் உயிர்நாடி.

சீக்ஃபிரீட் கிராக்கவர் 1947இல் வெளியிட்ட 'கலிகாரியிலிருந்து ஹிட்லர் வரை' என்னும் நூல் இப்படத்துக்கு அரசியல் விளக்கம் தந்தது. கலிகாரி கட்டற்ற அதிகாரத்தின் உருவம் என்றும், செசாரே கட்டாயப் படைச்சேவையால் கொல்லப் பழக்கப்பட்ட சாதாரண மனிதன் என்றும் அவர் கொண்டார். கதையை ஒரு மனநோயாளியின் பிதற்றலாகக் காட்டும் சட்டகம் பின்னர் சேர்க்கப்பட்டதென்றும், அதனால் அதிகாரத்தைச் சாடிய கதை அதிகாரத்தை வணங்குங் கதையாயிற்றென்றும் அவர் வாதித்தார். பிற்காலத்தில் வெளிவந்த மூலத் திரைக்கதைப் பிரதியிலும் வேறொரு சட்டகம் இருந்தமை அறியப்பட்டபின், அவ்வாதத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. ஒரு தேசத்தின் முழு உளவியலையும் சில படங்களிலிருந்து வடித்தெடுப்பதும் ஆய்வு முறைக்குப் பொருந்தாது. ஆயினும் செசாரே பற்றிய அவருடைய விளக்கத்தை வைட்டின் நடிப்பு இன்றும் தாங்கி நிற்கின்றது. போர்முனையிலிருந்து மீண்ட நடிகர் ஒருவர், விழித்த கண்களோடு உறங்கிச் செல்லும் கொலையாளியை உடம்பால் எழுதிக் காட்டியபோது, அரங்கில் அமர்ந்திருந்தோருள் முன்னாட் படைவீரர் பலர் இருந்திருப்பர் என்பதை மறத்தலாகாது.

4. விலங்கும் கள்வரும் அரசரும்

கலிகாரி படத்தின் வெற்றி வைட்டை அச்சப் பாத்திரங்களுக்கே உரியவராக்கியது. 1920இல் முர்னோ நெறிப்படுத்திய 'ஜானஸ் தலை' படத்தில், நல்லவனும் கொடியவனுமாக ஒரே உடம்பில் இருவரை அவர் காட்டினார். மனிதனுள் உறையும் விலங்கே அங்கு அச்சப்பொருள். அப்படம் இன்று கிடைப்பதற்கில்லை.

1924இல் வெளிவந்த 'ஓர்லாக்கின் கைகள்' படத்தில் அவர் பியானோக் கலைஞர். தொடருந்து விபத்தில் கைகளை இழந்த அவருக்கு, மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட கொலைகாரன் ஒருவனின் கைகள் பொருத்தப்படுகின்றன. அக்கைகள் தம்மையுங் கொலைக்குத் தூண்டுமோ என்ற அச்சம் அவரைத் தின்கின்றது. முகத்தைவிடக் கைகளே அப்படத்தில் நடிக்கின்றன எனலாம். தம் கைகளைத் தம்முடையனவல்லாத பாம்புகளைப் போல உடம்பினின்றும் விலக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நடக்கின்றார். இறுதியில், பேய்த்தனம் ஏதுமில்லை, பணம் பறிக்கும் கயவன் ஒருவனே அனைத்தையும் சூழ்ச்சியாற் செய்தான் என்பது தெளிவாகின்றது. அணங்கென்று அஞ்சியது கள்வரின் செயலாக முடிகின்றது. தன் உழைப்பின் கருவியாகிய கை தனக்கே அந்நியமாகிப் பிறர் வயப்படுதல் என்ற அக்கற்பனை, உழைப்பாளி தன் உழைப்பிலிருந்து அந்நியமாதல் பற்றி மார்க்ஸ் எழுதியவற்றை நினைவூட்டுவது தற்செயலாகாது.

அதே ஆண்டில் போல் லெனியின் 'மெழுகுருவங்கள்' படத்தில் வைட் ருஷ்யச் சக்கரவர்த்தி கொடிய இவானாகத் தோன்றினார். தாம் நஞ்சூட்டுவோர் சாகும் கணத்தை மணற்கடிகையிற் பார்த்து மகிழ்பவர் இவான். ஒருநாள் கடிகையில் தம் பெயரே எழுதப்பட்டிருக்கக் கண்டு, மணல் தீர்ந்தால் தாம் சாவோம் என்ற வெறியில் அதனை ஓயாது புரட்டிக்கொண்டே இருக்கின்றார். பிறரை அச்சத்தால் ஆள்பவன் தானும் அச்சத்துக்கு அடிமையே என்பதை வைட் காட்டிய விதம் அச்சப்பட வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. முதல் ஆண்டாகிய 1923இல் ஜேர்மனியின் நாணயம் முற்றாகச் சரிந்திருந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க டொலர் 4.2 இலட்சம் கோடி மார்க்குக்குச் சமமாயிற்று. காலையிற் பெற்ற கூலி மாலையில் மதிப்பிழந்த நாட்டு மக்களுக்கு, கடிகையில் ஓடும் மணல் வெறுங் கற்பனையாகத் தோன்றியிராது.

1926இல் ஹென்றிக் கலீன் நெறிப்படுத்திய 'பிராகு நகர மாணவன்' வெளிவந்தது. உயர்குலப் பெண்ணை விரும்பும் ஏழை மாணவன், செல்வத்துக்காகத் தன் கண்ணாடிப் பிம்பத்தை ஒருவனிடம் விற்றுவிடுகின்றான். அப்பிம்பம் தனியே உலாவி அவன் பெயராற் கொலை செய்கின்றது. மாணவனாக வைட்டும், பிம்பத்தை வாங்குபவனாக க்ரவுஸும் நடித்தனர். கலிகாரியும் செசாரேயும் இங்கு மீண்டும் எதிரெதிரே நிற்கின்றனர். இம்முறை அடிமைப்படுத்துவது மந்திரக்கட்டளையன்று, பணம்.

இப்பெயர் வைட்டை ஹொலிவூட்டுக்கு இட்டுச் சென்றது. அங்கு 1928இல் லெனியின் நெறியாள்கையில், விக்டர் ஹியூகோவின் நாவலைத் தழுவிய 'நகைக்கும் மனிதன்' படத்தில் நடித்தார். அரசனின் ஆணையால் குழந்தைப் பருவத்திலேயே முகம் அறுக்கப்பட்டு, என்றும் மாறாத இளிப்போடு வாழ விதிக்கப்பட்டவன் அதன் நாயகன். பொய்ப்பற்களாலும் கருவிகளாலும் வாய் இழுத்துக் கட்டப்பட்ட நிலையில், கண்களால் மட்டுமே வைட் துயரத்தைக் காட்டவேண்டியிருந்தது. ஒரே முகத்தில் நகையும் அழுகையும் ஒருங்கே நிகழ்கின்றன. நகை அரசன் இட்டது, அழுகை அவனுடையது. 1940இல் 'பேட்மன்' சித்திரக்கதையில் அறிமுகமான 'ஜோக்கர்' என்னும் கொடியவனின் முகத்துக்கு இம்முகமே முன்மாதிரியாயிற்று. அரச கொடுமைக்கு இரையானவனின் முகம், காரணமற்ற தீமையின் முகமாகத் திரிந்தது. காரணத்தை அகற்றிவிட்டு அச்சத்தை மட்டும் விற்பனை செய்யும் பண்பாட்டு வாணிபத்தின் இயல்பை இத்திரிபு உணர்த்துகின்றது.

5. 1933: ஏவலை மறுத்தல்

பேசும் படம் பரவத் தொடங்கியதும் வைட் 1929இல் ஜேர்மனி திரும்பினார். அதற்கு முன்னரே, 1927இல், ஊஃபா நிறுவனம் வலதுசாரிப் பத்திரிகை முதலாளி ஹூகன்பேர்க்கின் கைக்குப் போயிருந்தது. 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பதவியேற்றபோது அவருடைய அமைச்சரவையில் ஹூகன்பேர்க்கும் இடம்பெற்றார். யூதக் கலைஞரைச் சினிமாவிலிருந்து வெளியேற்றும் நடவடிக்கை உடனே தொடங்கியது. கலைஞர் தம் இனத்தைப் படிவத்தில் எழுதித் தரவேண்டியதாயிற்று.

வைட் யூதரல்லர், ஆனால் அவர் மணந்த லில்லி யூதப் பெண்மணி. படிவத்தில் அவர் தம் இனத்தை 'யூதர்' என எழுதினார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகப் பதிவாகியுள்ள செய்தி. 1933இலேயே இருவரும் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தனர். 1934இல் லயன் ஃபொய்க்ட்வாங்கரின் நாவலைத் தழுவி இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட 'யூதன் சூஸ்' படத்தில் அவர் தலைமைப் பாத்திரம் ஏற்றார். யூத வெறுப்பைக் கண்டித்த அப்படம் ஜேர்மனியில் அவருக்கிருந்த கதவுகளை முற்றாக மூடியது. 1939இல் அவர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். தம் செல்வத்தின் பெரும் பகுதியைப் பிரித்தானியாவின் போர் முயற்சிக்கு வழங்கினார்.

வேர்னர் க்ரவுஸ் தெரிந்தெடுத்த வழி வேறு. அவர் நாசி ஆட்சியின் நாடக மன்றத்தில் உயர்பதவி ஏற்றார்; அரச நடிகர் என்னும் பட்டம் பெற்றார். 1940இல் கெபெல்ஸின் ஆதரவோடு ஜேர்மனியில் வெளிவந்த மற்றொரு 'யூதன் சூஸ்' படத்தில் பல யூதப் பாத்திரங்களை வெறுப்பூட்டும் வகையில் அவரொருவரே நடித்தார். அப்படம் யூத அழிப்பில் ஈடுபட்ட படைப்பிரிவினர்க்குத் திரையிட்டுக் காட்டப்பட்டது. ஒரே கதை, ஒரே பெயர், கலிகாரி படத்தின் இரு நடிகர்கள்; ஆயின் எதிரெதிரான இரு வழிகள். போருக்குப்பின் சிறிதுகாலம் தடைசெய்யப்பட்ட க்ரவுஸ் மீண்டும் அரங்கேறி, 1954இல் ஜேர்மன் மொழி நாடகத்தின் உயரிய மதிப்பாகிய இஃப்லாண்ட் மோதிரத்தையும் பெற்றார்.

இவ்வேறுபாட்டைத் தனிமனித வீரமாக மட்டும் நோக்குதல் போதாது. வைட் புரட்சியாளரல்லர், எந்தத் தொழிலாளர் இயக்கத்தோடும் அவரை இணைத்துப் பேசுவதற்கில்லை. உலகப் புகழும் இங்கிலாந்தில் வேலைவாய்ப்பும் அவர் வெளியேறுவதை எளிதாக்கின. அவ்வாய்ப்பின்றிப் பின்தங்கிய கலைஞர் பலர் முகாம்களில் மாண்டனர். ஆயினும் புகழும் வாய்ப்பும் க்ரவுஸுக்கும் இருந்தன. சூழல் மனிதனின் தெரிவுகளுக்கு எல்லை வகுக்கின்றது. அந்த எல்லைக்குள் தெரிவு செய்யும் பொறுப்பு அவனுடையதே.

1940இன் பின் வைட் ஹொலிவூட்டில் வாழ்ந்தார். அகதியான அவருக்கு அங்குக் கிடைத்தவை பெரும்பாலும் நாசி அதிகாரிகளின் பாத்திரங்களே. 1942இல் வெளிவந்த 'கசபிளாங்கா'வில் மேஜர் ஸ்ட்ராஸராக அவர் நடித்ததை உலகம் இன்றும் நினைவிற் கொண்டுள்ளது. அங்கு ஒப்பனையில்லை, சாய்ந்த சுவரில்லை. சீருடை அணிந்து, நாகரிகமாகப் பேசி, ஆணையிடும் ஓர் அதிகாரி மட்டுமே உண்டு. இருபதாண்டுகள் பல்வேறு உருவங்களில் நடித்த அச்சம், இப்போது தன் மூல உருவத்திலேயே திரைக்கு வந்தது. 1943 ஏப்ரல் 3ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் மாரடைப்பால் வைட் காலமானார். அப்போது அவருக்கு வயது 50. ஹிட்லரின் வீழ்ச்சியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

6. கீழைத்தேயம் என்னும் அச்சம்

வைட்டின் கலையில் நாம் கண்டிக்கவேண்டிய பக்கமும் உண்டு. 1921இல் ஜோ மே நெறிப்படுத்திய 'இந்தியச் சமாதி' படத்தில் அவர் எஷ்னப்பூர் என்னும் கற்பனை நாட்டின் மகாராசாவாகத் தோன்றினார். பிறழ்ந்த மனைவியைப் புதைப்பதற்கெனவே சமாதி கட்ட ஐரோப்பியக் கட்டடக் கலைஞரை வரவழைப்பவர் அவர். யோகிகள், புலிகள், மாளிகைகள் யாவும் பெர்லினுக்கு அருகே அட்டையாலும் சுதையாலும் எழுப்பப்பட்டன. தன் நாட்டு அதிகாரத்தைக் கலிகாரியின் உருவில் ஐயுற்ற அதே சினிமா, கொடுமையைக் கீழைத்தேயத்துக்குரிய இயல்பாகவும் காட்டிற்று.

இங்கிலாந்திலே தொடங்கி, போர் காரணமாக அமெரிக்காவில் முடிக்கப்பட்டு, 1940இல் வெளிவந்த 'பக்தாத் திருடன்' படத்தில் இப்போக்கு முழுமை பெற்றது. மைசூர்ப் பகுதி யானைப்பாகன் ஒருவரின் மகனான சாபு அதிற் சிறுவன் அபூவாக நடித்தார். வைட் ஏற்றது அரசனை வீழ்த்தி அரியணையைக் கவரும் மந்திரவாதி வஸீர் ஜஃபரின் பாத்திரம். தமிழில் 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து 'பாக்தாத் திருடன்' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. 1992இல் வெளிவந்த டிஸ்னியின் 'அலாதீன்' சித்திரப்படத்து ஜஃபரின் சாயலிலும் வைட்டின் நிழலைக் காணலாம்.

வரலாற்றில் வாழ்ந்த ஜஃபர் யார்? கலீபா ஹாரூன் அல் ரஷீதின் வஸீராக விளங்கிய ஜஃபர் பின் யஹ்யா, கல்வியையும் கலைகளையும் புரந்த பார்மக்கிக் குடும்பத்தவர். 803இல் அதே கலீபாவின் ஆணையால் அவர் கொல்லப்பட்டார். இறைவரால் வரும் அச்சத்துக்கு இரையானவரையே திரை இறைவரை அச்சுறுத்தும் சூனியக்காரராக்கியது. கல்முனையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் எத்தனையோ வீடுகளிற் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அன்போடு இடும் பெயர், உலகச் சிறார்க்குத் தீமையின் மறுபெயராகக் கற்பிக்கப்பட்டுவிட்டது. நாசிகளின் இனவெறுப்பை எதிர்த்து நாட்டைத் துறந்த கலைஞரே இதற்கு உருவம் தந்தார் என்பது, தனிமனிதரின் நல்லெண்ணத்தால் மட்டும் காலனித்துவக் கருத்துநிலையைக் கடக்க இயலாது என்பதைக் காட்டுகின்றது.

7. முடிவுரை

இவ்வாய்வு நம் கரையோர மக்களின் அனுபவத்துக்கு அயலானதன்று. 2011 ஓகஸ்ட் மாதத்தில் கிழக்கு மாகாணத்தின் தமிழ், முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் 'கிறீஸ் பூதம்' பற்றிய அச்சம் பரவியது. உடலெங்கும் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவிற் பெண்களைத் தாக்குவதாகப் பேசப்பட்டது. மக்கள் விழித்திருந்து காவல் புரிந்தனர். மர்ம மனிதர்களுக்குப் பாதுகாப்புத் தரப்பினரே புகலிடம் அளிப்பதாக ஐயுற்று அவர்களோடு மோதினர். அரசு இதனை மறுத்தது. அவ்வச்சத்தின் பெயர் பூதம் என்பதாயினும், மக்களின் சினம் சென்ற திசை அதன் நிலைக்களன் எதுவென அவர்கள் கருதினர் என்பதைக் காட்டுகின்றது. நீண்ட போரின் நினைவு நீங்காத மக்கள் பூதத்தை விளங்கிக்கொண்ட முறைக்கும், 1920இன் பெர்லின் மக்கள் செசாரேயை விளங்கிக்கொண்டிருக்கக்கூடிய முறைக்கும் இடையே ஒப்புமை உண்டு.

பேயுருவற்ற அச்சத்துக்கும் இது பொருந்தும். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கரைவழியே வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தமையால், துறைமுக வாயில் மணலால் தூர்ந்தது. வடக்கேயுள்ள கரை கடலால் அரிக்கப்பட்டது. தென்னங்காணியையும் தோணி ஏற்றும் மணற்றிடலையும் இழந்த மீனவர் கடலுக்கு அஞ்சுவது இயல்பே. ஆனால் அக்கடலின் சீற்றத்துக்குப் பின்னால் மேசைமேல் வரையப்பட்ட திட்டமும் அதில் இடப்பட்ட கையொப்பங்களும் உள்ளன. இயற்கையாகத் தோன்றும் அச்சத்தின் பின்னாலும் இறைவராயினாரைத் தேடவேண்டியுள்ளது.

அச்சக்கதைகளை மூடநம்பிக்கையென ஒதுக்குவதும், பொழுதுபோக்கென ரசித்துவிட்டுப் போவதும் ஒரே தவறின் இரு வடிவங்கள். நம் பிரதேசத்து ஜின் கதைகளும் பேய்க்கதைகளும், சென்ற நூற்றாண்டின் கொட்டகைகளில் இம்மக்கள் பார்த்த படங்களும், எக்காலத்தில் எவ்வகை அச்சத்துக்கு உருவம் தந்தன என்பது தொகுத்து ஆராயப்படல் வேண்டும். அவ்வாராய்ச்சிக்குக் கொன்றாட் வைட்டின் வாழ்வும் கலையும் ஒரு வழியைத் திறந்துவைக்கின்றன. திரையில் அச்சமூட்டும் முகம் தோன்றும்போதெல்லாம் அதனை ஏவியவர் யார், அதனால் பயன்பெறுபவர் யார் என்னும் வினாக்களை எழுப்புதல் வேண்டும். கத்தியை ஓங்கிய செசாரேயின் கை தயங்கிய அக்கணத்தையும் அவ்வினாக்களோடு சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.